எண்பதாவது ஆள்

புதிய ஜனாதிபதி தலைநகர் மாலேயில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட அந்த நிமிடத்தில், ரூஃபுஷித் தீவின் வெளிநாட்டு ராணுவ முகாமில், சமையற்கூடத்தில் உட்கார்ந்து இத்ரீஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு நடந்த விசாரணைகள் அனைத்திலும் அவன் செய்த குற்றமாகச் சொல்லப்பட்டது இது ஒன்றுதான்.

இத்ரீஸ் ராணுவத்தான் இல்லை. வெளிநாட்டுக்காரனும் இல்லை. முகாம் வாசலில் நின்று பார்த்தால் பந்து மைதானத்துக்கு அப்பால் தெரியும் நீலச் சுவர் வீட்டில் பிறந்தவன். காலையில் போய் முகாம்காரர்களுக்கு ரொஷி ரொட்டி சுட்டு, மீனும் தேங்காய்ப்பூவும் பிசைந்து மஸ்ஹுனி செய்துகொடுத்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புகிறவன். அன்று அவன் மனம் வெங்காயத்தில் இல்லை. வியாழக்கிழமை அவனுக்குக் கல்யாணம். பெண் ஷஹீமா, இதற்கு முன் இரண்டு முறை அவனுக்கு மனைவியாக இருந்தவள்.

எங்கள் தீவுகளில் இதற்காக யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவார்கள், காஜியாரிடம் போய்ப் பிரிவார்கள், கோபம் ஆறியதும் அதே காஜியாரிடம் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். முதல் முறை ஜன்னலுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பதில் பிரிந்தார்கள். இரண்டாவது முறை காரணம் இருவருக்குமே நினைவில்லை. இரண்டு முறையும் ஷஹீமா "வெளியே போ" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். இத்ரீஸ் மறுபேச்சுப் பேசாமல் தன் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு சில மாதம் கழித்து, காணாமல் போன கோழியைத் தேடுகிறவன்போல அவள் வீட்டு வேலி ஓரம் நடக்கத் தொடங்குவான். அவனிடம் கோழியே கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

ஆனால் மூன்றாவது கல்யாணம் விளையாட்டில்லை. இதுவும் முறிந்தால் மார்க்கத்தில் மறுபடி சேர வழி அடைபட்டுவிடும். அதோடு, புது என்ஜின் போட்ட பெரிய தோணிக்குச் சொந்தக்காரனான ஷகீப் வாரத்துக்கு இரண்டு முறை அவள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கல்யாணத்துக்கும் நீ லேட்டா வந்த," என்று ஷஹீமா சொல்லியிருந்தாள். "வியாழக்கெழம சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் காஜியார் முன்னாடி நீ உக்காந்திருக்கணும். இல்லன்னா அங்க ஷகீப் உக்காந்திருப்பான். வேற பேச்சில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இத்ரீஸ் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கம்பிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. வெளியே காவலுக்கு நின்றவன் ஸினான். ஷஹீமாவின் தம்பி.

"கதவத் தொறடா ஸினான். உங்கக்கா துணி எடுக்கக் கூப்பிட்டிருக்கா."

"முடியாது பேபே." ஸினான் அவனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவதை எந்த விவாகரத்திலும் நிறுத்தியதில்லை. "புது அரசாங்கத்தோட மொத உத்தரவு. பிரமாணம் எடுத்த நிமிஷத்துல உள்ள இருந்தவன் எல்லாம் வெளிநாட்டுப் படை. வெளிய இருந்தவன் எல்லாம் நம்ம ஆளு."

"டேய், நான் உன் அக்கா புருஷன்டா!"

"இப்போதைக்கு இல்லையே பேபே."

அது உண்மைதான் என்பதால் இத்ரீஸ் தன் அடையாள அட்டையை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினான். ஸினான் அதை வாங்கி, படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"இது வெளிய செல்லும் பேபே. உள்ள செல்லாது."

மறுநாள் காலை வெளியேற்ற ஆணையம் தீவில் வந்திறங்கியது. எங்கள் நாட்டில் ஒரு படித்துறையைச் சரிசெய்யப் பல வருஷம் ஆகலாம். ஆணையம் போட ஒரு ராத்திரி போதும். ஆணையர் அஃபீஃப் குளிர்நாட்டுக் கோட்டு அணிந்திருந்தார். அவரோடு ஒலிபெருக்கி, வாத்தியக்குழு, பலூன்கள், வரவேற்பு வளைவு, வழியனுப்பு வளைவு எல்லாம் வந்தன. முகாம் வாசலில் போட்ட மேடையில் ஏறி அவர் பேசினார்.

"அன்பார்ந்த மக்களே! எண்பது அந்நியப் படைவீரர்களையும் ஒருவர் மிச்சமில்லாமல் வெளியேற்றுவோம் என்று வாக்குறுதி கொடுத்தோம். எண்பது என்பது எங்கிருந்து கிடைத்தது என்று எதிர்க்கட்சி கேட்கிறது. அது எங்கள் தேர்தல் பாட்டுக்குப் பொருந்தியது. அந்தப் பாட்டை நீங்கள் பாடினீர்கள். பாடியதால் ஓட்டுப் போட்டீர்கள். மக்கள் பாடிய எண்ணை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை!"

கூட்டம் கைதட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு மீனவர் கேட்டார்: "அவங்க போனா ஹெலிகாப்டர யாரு ஓட்டுவா? நெஞ்சு வலின்னா மாலே ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?"

"நல்ல கேள்வி," என்றார் ஆணையர். "ஓட்டுபவர்கள் போவார்கள். ஹெலிகாப்டர் தங்கும். அது பறக்காமல் தரையில் நின்றாலும், நிற்பது நம் தரை! நோயாளிகள் இதுவரை அந்நியர் தயவில் உயிர் பிழைத்தார்கள். இனி சுதந்திரமாகக் காத்திருப்பார்கள்."

அதற்கும் கைதட்டல் விழுந்தது. கேட்ட மீனவர் மட்டும் தட்டலாமா வேண்டாமா என்று பக்கத்தில் பார்த்துவிட்டு, மெதுவாகத் தட்டினார்.

பிறகு ஆணையர் முகாமுக்குள் போய் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். எழுபத்தொன்பது பேர். மறுபடி எண்ணினார். சமையற்கூடத்தின் பின்னால் தேடினார். எண்பதாவது ஆள் பல்வலி என்று போன மாதமே ஊருக்குப் போய்விட்டதாக முகாமின் மேஜர் சொன்னார்.

"என்னைக் கேட்காமல் எப்படிப் போகலாம்?" ஆணையர் உடைந்துபோனார். "நான் அனுப்புவதற்கு முன்பே போவது இறையாண்மையை மீறுவதில்லையா?"

அப்போது அவர் கண், ரொஷித் தட்டை ஏந்தி நின்ற இத்ரீஸ் மீது விழுந்தது.

"ஐயா, நான் இந்த ஊருங்கய்யா. சமையல் பண்றவன். வியாழக்கெழம எனக்குக் கல்யாணம்."

ஆணையர் ஒரு ரொஷியை எடுத்து மஸ்ஹுனியில் தொட்டுச் சாப்பிட்டார். கண்ணை மூடி ரசித்தார். "அபாரம். அந்நியர் கைப்பக்குவம் தனிதான்," என்றார். "தம்பி, இல்லாத ஒருத்தரை எப்படி நாடு கடத்துவது என்று படகிலேயே இரண்டு கூட்டம் போட்டிருப்போம். இருக்கிற ஒருத்தரைக் கடத்துவது எவ்வளவு சுலபம் பாருங்கள். உங்களுக்கு நாட்டுப்பற்று உண்டா?"

"உண்டுங்கய்யா."

"அப்படியானால் நாட்டைவிட்டுப் போகத் தயங்கமாட்டீர்கள்."

இத்ரீஸ் மேஜரைப் பார்த்தான். அவனுடைய ரொஷியை இத்தனை வருஷம் தின்ற மனுஷன், காப்பாற்றாமலா போவார்? மேஜர் அவனைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார்.

"தப்பா எடுத்துக்காத இத்ரீஸ். எங்க ஊர்ல இருந்து போன் வந்துச்சு. அவங்க எண்பதுன்னா நீயும் எண்பதுன்னு தலையாட்டு, சண்டை வேணாம்கறாங்க. நானே 'போ'ன்னு ஒரு உத்தரவும் 'போகாத'ன்னு ஒரு உத்தரவும் வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டுலயும் ஒரே ஆள் கையெழுத்து." பெருமூச்சு விட்டார். "எனக்கும் வீட்டுக்குப் போகணும்தான்யா. பொண்ணு முகம் போன்லயே வளருது."

அன்றே பல்வலிக்காரனின் சீருடை இத்ரீஸுக்கு மாட்டப்பட்டது. அவன் உயரமானவன் போலிருக்கிறது. கால்சட்டை மண்ணில் புரண்டது.

மாலையில் ஷஹீமா வேலிக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் முக்காடு நழுவியது.

"இது என்ன வேஷம்? கல்யாணத்துக்குத் தச்சதா?"

"சிரிக்காத ஷஹீ. வியாழக்கெழம என்னைக் கப்பல் ஏத்தறாங்களாம்."

அவள் சிரிப்பு நின்றது. "எந்த நேரம்?"

"அஸருக்கு அப்புறம்."

அவள் பார்வை அவனைத் தாண்டிப் போனது. உள்ளே ஹெலிகாப்டரின் விசிறிகள் துணிபோட்டுக் கட்டப்பட்டிருந்தன.

"எங்கம்மாவுக்கு மூச்சு முட்டினப்ப அதுலதான தூக்கிட்டுப் போனாங்க," என்றாள் ஷஹீமா. "அந்த நன்றி எனக்கு இருக்கு. அதுக்காக நம்ம வீட்டு வாசல்ல காலத்துக்கும் வேற ஊர்க்காரன் துப்பாக்கியோட நிக்கணுமா? போகச் சொல்றது நியாயம்தான். ஆனா அம்மாவுக்கு மறுபடி முட்டினா? ரெண்டுக்கும் சேத்து ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்கறான். மேளம்தான் அடிக்கிறான்." அவள் குரல் சட்டென்று கூர்மையானது. "நான் ஒரு தடவ 'வெளிய போ'ன்னேன். நீ தலகாணிய எடுத்துக்கிட்டுப் போயிட்ட. அவ்வளவுதான் சமாச்சாரம். இதுக்கு எதுக்குடா இவங்களுக்குப் பலூன்?"

"நான் போகமாட்டேன் ஷஹீ. எப்படியாவது வந்துருவேன்."

"நீ கோழி தேடற ஆளு. உன்னை நம்பி ஷகீப் வாங்கி வெச்ச அத்தர வேணாம்னுட்டேன். ஞாபகம் வெச்சுக்க."

செவ்வாயும் புதனும் வெளியேற்ற ஒத்திகை நடந்தது. போகும் படைகள் தலை குனிந்திருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. ஆனால் அவர்களை அனுப்பிய அண்டை நாடு கோபித்துக்கொண்டு வெங்காயம் அனுப்புவதை நிறுத்திவிடும் அளவுக்குக் குனியக் கூடாது என்பது துணைவிதி. சரியான கோணத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் கோணமானியோடு நிறுத்தப்பட்டார். வீரர்கள் எழுபத்தொன்பது பேருக்கும் அது சரியாக வரவில்லை. வீட்டுக்குப் போகும் சந்தோஷத்தில் அவர்கள் தலை தானாக நிமிர்ந்தது. இத்ரீஸுக்கு மட்டும் முதல் முறையே வந்துவிட்டது.

"இவரைப் பாருங்கள்!" ஆணையர் ஒலிபெருக்கியில் கூவினார். "இந்த முகம்! இந்த ஏக்கம்! இந்த மண்ணைவிட்டுப் போக மனமில்லாத வேதனை! ஆக்கிரமிப்பாளர் என்றால் இவரல்லவா ஆக்கிரமிப்பாளர்!"

அவனை முதல் வரிசைக்கு மாற்றினார்கள். எங்கள் மொழியில் பேசக் கூடாது என்று எச்சரித்தார்கள். அவனுக்கு வேறு மொழி தெரியாது. அதனால் பேச்சே நின்றுபோனது. வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்த சிறுவர்கள், அவன் கையால் எத்தனையோ பலகாரம் தின்றவர்கள், "அந்நியனே வெளியேறு" என்று அவன் முகத்துக்கு நேரே தாளம் தப்பாமல் பாடினார்கள். ஒருவன் மட்டும் பாட்டுக்கு நடுவில், "இத்ரீஸ் பேபே, வியாழக்கெழம மீன் உருண்டை உண்டா?" என்று கேட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்தது. மேளம் முழங்க, வழியனுப்பு வளைவின் கீழே எண்பது பேரும் சரியான கோணத்தில் குனிந்து படித்துறைக்கு நடந்தார்கள். மண்ணில் புரண்ட கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இத்ரீஸ் கூட்டத்தில் ஷஹீமாவைத் தேடினான். காணோம். மைதானத்துக்கு அப்பால் காஜியாரின் அலுவலகக் கதவு திறந்திருந்தது. வாசலில் ஷகீபின் புதுச் செருப்பு பளபளத்தது.

படகு கிளம்பியது. இத்ரீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இனி எந்த நாடு, எந்தச் சமையற்கூடம், யாருக்கு ரொஷி?

படகு திறந்த கடலுக்குப் போகவில்லை. தீவின் முனையைச் சுற்றியது. மறுபக்கத்துப் படித்துறையில் வந்து நின்றது. அங்கே வரவேற்பு வளைவு தயாராக இருந்தது. 'சிவில் தொழில்நுட்ப நண்பர்களே வருக' என்று எழுதியிருந்தது. எங்கள் தீவின் அகலம் எவ்வளவென்று தெரியுமல்லவா? ஒரு பீடி முடிவதற்குள் குறுக்கே நடந்துவிடலாம். அதே வாத்தியக்குழுவும் அதே சிறுவர்களும் அந்த வழியாக ஓடிவந்து, மூச்சு வாங்க, வேறு பாட்டுப் பாடினார்கள்.

ஆணையர் கோட்டை மாற்றியிருந்தார். "மக்களே! படைகள் போய்விட்டன! ஹெலிகாப்டர் ஓட்ட நண்பர்கள் வந்துவிட்டார்கள்! இவர்கள் அவர்கள் அல்ல. சட்டையைப் பாருங்கள்!"

இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு நீலச் சட்டை கொடுத்தார்கள். சீருடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்கள். மேஜர் நீலச் சட்டையோடு இத்ரீஸைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் உடனே தலை குனிந்துகொண்டார். இந்தத் தடவை கோணம் சரியாக இருந்தது. கடைசியாக இத்ரீஸ் கை நீட்டினான். பெட்டி காலி. சட்டைகள் மேஜரின் நாட்டிலிருந்து வந்தவை. அவர்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டும் தைத்து அனுப்பியிருந்தார்கள்.

"சட்டை இல்லாதவர் நண்பர் ஆக முடியாது," என்றார் ஆணையர்.

"அப்ப நான் வீட்டுக்குப் போறேங்கய்யா. காஜியார் காத்துட்டிருப்பார்."

"சட்டை இல்லை. சீருடை இருக்கிறது. அப்படியானால் நீங்கள் இன்னும் படைவீரர்." சொல்லும்போதே ஆணையரின் முகத்தில் ஒரு வெளிச்சம் படர்ந்தது. அவனை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, மனம்விட்டுச் சொல்கிறேன். நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எல்லோரும் போய்விட்டால் ஆணையம் எதற்கு என்று நாளைக்கே ஒருத்தன் கேட்பான். எனக்குப் படகு இருக்கிறது, கார் இருக்கிறது, ஓடக் கால் மைல் சாலைகூட இல்லாத தீவில் கார் இருக்கிறது! முப்பது பேருக்கு வேலை. ஒரே ஒரு அந்நியப் படைவீரர் மிச்சமிருந்தால் போதும், எங்கள் போராட்டம் தொடரும். வருஷா வருஷம் உங்களை வெளியேற்றுவோம். முதல் வரிசை உங்களுக்குத்தான்."

சிவில் ஆட்கள் ராணுவ முகாமில் தங்கக் கூடாது என்பதால் நண்பர்கள் விருந்தினர் விடுதிக்குப் போனார்கள். காலியான முகாமுக்குள் இத்ரீஸைத் தள்ளி ஸினான் கதவைப் பூட்டினான். கம்பி வழியாகப் பார்த்தால் தேநீர்க் கடையில் நீலச் சட்டைகள் கால்மேல் கால் போட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால், கொடியில் காயும் துணிகளோடு, அவனுடைய நீலச் சுவர் வீடு.

மக்ரிப் தொழுகைக்கு முன்னால், வெயில் தணிந்த நேரம், ஒரு சிறிய ஊர்வலம் மைதானத்தைக் கடந்து வந்தது. முன்னால் ஷஹீமா, கல்யாண உடையில். கையில் ஒரு துணி மூட்டை. பின்னால் காஜியார், சாட்சிகள் இருவர். எல்லாருக்கும் பின்னால், அத்தர் மணக்க, என்ன நடக்கிறதென்று பார்க்க ஷகீப்.

"நான் வந்திருப்பேன் ஷஹீ," என்றான் இத்ரீஸ். "சட்டை பத்தல."

"தெரியும். ஊரே சொல்லிச் சிரிக்குது." அவள் காஜியாரிடம் திரும்பினாள். "மாப்பிள்ள உள்ள இருக்கார். தம்பிதான் என் பொறுப்பாளர், அவனும் இங்கயே நிக்கிறான். கம்பி வழியா நிக்காஹ் நடத்துங்க."

காஜியார் தாடியைத் தடவினார். "நடத்தலாம்மா. ஆனா இவர் இப்ப வெளிநாட்டுப் படை. நம்ம நாட்டுப் பொண்ணு வெளிநாட்டானைக் கட்டணும்னா ஆணையத்தோட அனுமதி வேணும். ஆணையர்கிட்ட கேட்டேன். 'படைகள் முழுசா வெளியேறினதும் தர்றேன்'ங்கறார்."

"அப்படின்னா எப்ப?"

"அவர் இருக்கிற வரைக்கும் இல்ல."

ஷகீப் தொண்டையைச் செருமினான். "ஷஹீமா, இன்னும் வெளிச்சம் இருக்கு. காஜியாரும் இருக்கார். என் தோணியும் இருக்கு..."

"தோணிக்குள்ள போய் உக்காரு," என்றாள் ஷஹீமா, அவனைப் பாராமலே. பிறகு தம்பியைக் கேட்டாள்: "உத்தரவ இன்னொரு தடவ சொல்லு. வெளிய போகத்தான தடை? உள்ள வர?"

ஸினான் யோசித்தான். அக்காவை அவன் தத்தா என்றுதான் கூப்பிடுவான். "உள்ள வரத் தடை ஒண்ணும் போடல தத்தா. யாரு வருவா?"

"உள்ள வந்தா நான் யாரு?"

"ஆணையர் கணக்குல இப்ப உள்ள இருக்கிறவங்க எல்லாம்..." அவனுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் தத்தா. பூட்டுனா நான் தொறக்க முடியாது. சத்தியமா முடியாது."

"ஷஹீ, வேணாம்!" இத்ரீஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "எனக்கே எப்ப விடுவாங்கன்னு தெரியாது. நீ வெளிய இரு. நான் தினம் இந்த வேலிகிட்ட வந்து பாத்துக்கறேன்."

"கோழி தேடிக்கிட்டா?"

அவன் கம்பியை விட்டான். ஸினான் பூட்டைத் திறக்க, கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. ஷஹீமா செருப்பைக் கழற்றாமல், தலையை ஒரு கோணத்திலும் குனியாமல் உள்ளே வந்தாள். கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது. பூட்டு விழுந்தது.

"இப்ப சொல்லுங்க காஜியாரே. வெளிநாட்டானும் வெளிநாட்டாளும் கல்யாணம் பண்ணிக்க யாரு அனுமதி வேணும்?"

காஜியார் வெகுநேரம் யோசித்தார். "ஒருத்தர் அனுமதியும் வேண்டாம்," என்றார், தனக்கே ஆச்சரியத்தோடு.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஸினான் அக்காவைக் கொடுத்தான். இந்தப் பக்கம் நின்று இத்ரீஸ் ஏற்றுக்கொண்டான். தேநீர்க் கடையிலிருந்து எழுந்துவந்த நீலச் சட்டைகள் கைதட்டினார்கள். மேஜர் பழக்கத்தில் சல்யூட் அடித்துவிட்டு, சட்டையைப் பார்த்துக்கொண்டு, கையை இறக்கினார்.

கூட்டம் கலைவதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆணையரின் குரல் மகிழ்ச்சியில் தழுதழுத்தது:

"மக்களே! முகாமுக்குள் மேலும் ஓர் அந்நியப் படைவீரர் இருப்பது தெரியவந்துள்ளது! படை இரண்டு மடங்காகியிருக்கிறது! ஆபத்து நீங்கும்வரை ஆணையத்தின் காலம் நீட்டிக்கப்படுகிறது. இதுதான் வேகம் என்றால், குழந்தை குட்டி என்று இந்தப் படை இன்னும் பெருகலாம். அதையும் சந்திக்க நாங்கள் தயார்!"

ஷஹீமா காது கொடுக்கவில்லை. சமையற்கூடத்துக்குப் போய் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு தலையணைகள். ஒன்று அவளுடையது. மற்றது, அவன் அக்கா வீட்டிலிருந்து வரும் வழியில் எடுத்துவந்தது.

"இந்தச் சுவருக்கு என்ன வர்ணம் அடிக்கலாம்?" என்று கேட்டாள்.

"பச்சை," என்றான் இத்ரீஸ், யோசிக்காமல்.

"மஞ்சள்தான் நல்லாருக்கும்."

"பச்சை."

அவள் முகம் சிவந்தது. விரல் வாசல் பக்கம் நீண்டது. வாய்வரை வந்த அந்த ஒரு வார்த்தையோடு கதவையும் பூட்டையும் பார்த்தாள். அவனும் பழக்க தோஷத்தில் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அதையேதான் பார்த்தான்.

"வெய்யி கீழ," என்றாள் ஷஹீமா. "எங்க போவ?"